லண்டன் யோசித்துக்கொண்டிருந்தபோது

எங்கள் குப்பியின் கல்யாணம் லண்டனால் தள்ளிப்போய்க்கொண்டிருந்தது. இதை நான் பள்ளிக்கூடத்தில் சொன்னபோது யாரும் நம்பவில்லை. மற்ற வீடுகளில் கல்யாணம் தள்ளிப்போனால் நகைப் பேச்சில் இழுபறி, மண்டபம் கிடைக்கவில்லை, மாப்பிள்ளை வீட்டில் ஒரு மவுத்து விழுந்துவிட்டது என்று ஊருக்குப் புரிகிற காரணம் ஏதாவது இருக்கும். எங்கள் வீட்டில் மட்டும்தான் இங்கிலாந்து அரசாங்கம் குறுக்கே வந்து நின்றது.

குப்பி என்றால் அத்தாவின், அதாவது என் அப்பாவின், தங்கை. பெற்றவர்கள் சீக்கிரமே போய்ச் சேர்ந்துவிட்டதால் அத்தாதான் அவரைப் படிக்கவைத்து ஆளாக்கினார். பாலக்கரையில் எங்கள் தெருமுனையிலேயே இருந்த டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் குப்பி சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவரிடம் பழகிய பையன்கள் பரீட்சை பாஸாகி, வேலைக்குப் போய், கல்யாணம் முடித்து, கைக்குழந்தையோடு வந்து சலாம் சொல்லிவிட்டுப் போகிற அளவுக்குக் காலம் ஓடிவிட்டிருந்தது. குப்பிக்கு இருபத்தேழு வயது. அந்த வயதைத் தெருவில் எல்லோரும் கணக்கு வைத்திருந்தார்கள், குப்பியைத் தவிர.

மாப்பிள்ளை நமக்குத் தெரியாத அந்நியர் ஒன்றும் இல்லை, பாலக்கரைக்காரர்தான். மீசை முளைக்கும் முன்பே ஓர் உறவினரோடு ஹாங்காங் போனவர். அங்கே ஒரு ரத்தினக்கல் வியாபாரியின் கடையில் சேர்ந்து, அந்த ஊரிலேயே காலூன்றி, இந்திய பாஸ்போர்ட்டை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் கொடுத்த பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டார். லீவில் வந்தபோது நிச்சயம் நடந்தது. குப்பி அவரைப் பார்த்தது அன்றைக்கு ஒரே தடவை, அதுவும் ஜன்னல் வழியாக, அவர் ஆட்டோவில் குனிந்து ஏறும்போது. முதுகு நன்றாக இருந்தது என்று அம்மாவிடம் சொன்னாராம். ஆறு மாதத்தில் வந்து நிக்காஹ் முடித்து அழைத்துப் போகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனவர், அதற்குப் பிறகு மூன்று ரமலான் பெருநாள் கழிந்தும் வரவில்லை.

அவர் வரவில்லையே தவிர அவருடைய அண்ணன் வந்துகொண்டேயிருந்தார். அண்ணனுக்குப் பாலக்கரையிலேயே பாத்திரக்கடை. ஹாங்காங்கிலிருந்து எங்களுக்கு வரவேண்டிய செய்தி எதுவானாலும் அவர் வாய்வழியாகத்தான் வரும். "தம்பி சொல்லச் சொன்னான்" என்று ஆரம்பிப்பார். தம்பி எப்போதும் நல்ல செய்தியாகவே சொல்லச் சொல்லியிருப்பார். அடுத்த மாதம் வந்துவிடுவான், முதலாளி இவனில்லாமல் கடையைத் திறப்பதில்லை, அங்கே இவனுக்கு ராஜ மரியாதை, வெள்ளைக்கார அதிகாரிகளே தோளில் கைபோட்டுப் பேசுகிறார்கள். பேசி முடித்துக் கிளம்பும்போது ஒரு பையை வைத்துவிட்டுப் போவார். அதில் குப்பிக்குச் சென்ட் பாட்டில், அம்மாவுக்கு வழுவழுப்பான ஏதோ ஒரு துணி, எனக்குப் பொத்தானை அமுக்கினால் திறந்துகொள்கிற பென்சில் பாக்ஸ். அந்தப் பென்சில் பாக்ஸுக்காகவே நான் மாப்பிள்ளையின் கட்சியில் சேர்ந்துவிட்டேன். பத்து வயதில் மனிதர்களை எடைபோட எனக்குத் தெரிந்த தராசு அதுதான்.

விஷயம் என்னவென்றால், ஹாங்காங்கை வெள்ளைக்காரன் காலிசெய்யப் போகிறான். குத்தகை முடிகிறது, சீனாக்காரனிடம் திருப்பிக் கொடுக்கவேண்டும். அங்கே இருக்கிற சீனர்கள் சீன நாட்டவர் ஆகிவிடுவார்கள். மாப்பிள்ளையைப் போல இந்தியாவிலிருந்து போய் அங்கேயே ஊறிவிட்டவர்கள் என்ன ஆவார்கள் என்பதில்தான் சிக்கல். சீனாவுக்கு அவர்கள் வேற்றாள். இந்தியாவின் பாஸ்போர்ட்டை விட்டாகிவிட்டது. லண்டன் கொடுத்திருக்கிற பாஸ்போர்ட்டை வைத்துக்கொண்டு உலகமெல்லாம் போகலாம், லண்டனில் போய்க் குடியிருக்க மட்டும் முடியாது. ஆகவே லண்டன் இவர்களைத் தன் பிள்ளைகளாகச் சேர்த்துக்கொள்வதா, விட்டுவிட்டுக் கிளம்புவதா என்று யோசித்துக்கொண்டிருந்தது. முடிவு வருகிற நாளில் யார் ஹாங்காங்கில் இல்லையோ அவர் பெயர் விட்டுப்போகும் என்று அங்கே ஒரு பேச்சு. அதனால் மாப்பிள்ளை ஊரைவிட்டு அசையக்கூடாது என்று அவர் அண்ணன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

இது எனக்குப் புரிந்ததே அத்தாவின் கடையில் உட்கார்ந்துதான். மலைக்கோட்டைக்குக் கீழே ஒரு சந்தில் அத்தாவுக்குக் கைலி மொத்த வியாபாரம். மத்தியானம் வியாபாரம் மந்தமானதும் பக்கத்துக் கடைக்காரர்கள் டீயைக் கையில் பிடித்துக்கொண்டு வந்து கூடுவார்கள். குப்பியின் கல்யாணம் தெரிந்த நாளிலிருந்து அந்தச் சந்தில் இருந்தவர்கள் எல்லோரும் இங்கிலாந்துக்கு யோசனை சொல்கிறவர்களாக மாறிவிட்டார்கள். வளையல் கடைக்காரர் கொஞ்சம் கொஞ்சமாக விலகவேண்டும் என்றார். பட்டாணிக் கடைக்காரர் விலகவே கூடாது, நம் ஊரை விட்டுப்போனபோது பட்டது போதாதா என்றார். இன்னொருவர் போகிறபோது ஆட்களையும் மூட்டை கட்டிக் கூட்டிக்கொண்டு போவதுதான் மரியாதை என்றார். டீ தீர்ந்ததும் எல்லோரும் இங்கிலாந்தை அப்படியே விட்டுவிட்டு அவரவர் கடைக்குப் போய்விடுவார்கள்.

அத்தாவுக்கு இந்த யோசனைகள் போதவில்லை. வரிக்கணக்குப் பார்க்கிற ஆடிட்டர் ஸ்ரீரங்கத்தில் உத்தர வீதியில் இருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தா என்னையும் கூட்டிக்கொண்டு ஒன்றாம் நம்பர் பஸ்ஸில் அவரைப் பார்க்கப் போனார். ஆடிட்டர் நெற்றியில் திருமண்ணும் மடியில் இங்கிலீஷ் பேப்பருமாக ஊஞ்சலில் உட்கார்ந்திருந்தார். அத்தா சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"வெள்ளைக்காரன் புறப்பாடு நிச்சயமாயிடுத்து பாய். எந்த வாசல் வழியா, யாரைக் கூட்டிண்டுங்கறதுலதான் அவனுக்குக் கலக்கம்" என்றார்.

பிறகு பொறுமையாக விளக்கினார். லண்டனுக்கு முன்னால் மூன்று வழி இருக்கிறதாம். எல்லோருக்கும் முழுக் குடியுரிமை கொடுத்துவிடலாம். அல்லது, உங்களுக்கு ஒரு கஷ்டம் வந்தால் அப்போது பார்க்கிறோம் என்று வாய்வார்த்தையாக அபயம் கொடுத்துவிட்டு நழுவலாம். அல்லது, ஒன்றும் பேசாமல் கொடியை மடித்து எடுத்துக்கொண்டு கப்பல் ஏறலாம். இப்போதைக்கு இரண்டாவது வழியில் நின்றுகொண்டு முதல் வழியைப் பரிசீலித்துக்கொண்டிருக்கிறார்கள் என்றார். பரிசீலனை என்றால் எவ்வளவு நாள் என்று அத்தா கேட்டார். முடிவு எடுத்த பழி தன் தலையில் விழாது என்று தெரிகிறவரைக்கும் என்றார் ஆடிட்டர். ஆனாலும் அவர்களைத் திட்டவில்லை. இத்தனை வருஷம் ஆண்ட இடத்தைவிட்டு ஒழுங்காக வெளியேறுவது உள்ளே நுழைவதைவிடக் கஷ்டம், அவன் சங்கடம் அவனுக்கு என்று அனுதாபமாகவே பேசினார். எனக்கு ஒரு தட்டில் கல்கண்டு வந்தது.

வீட்டுக்கு வந்ததும், ஆடிட்டர் என்ன சொன்னார் என்று குப்பி கேட்டார். யோசிக்கிறார்களாம் என்றார் அத்தா. குப்பி தலையை ஆட்டிக்கொண்டார். ஆடிட்டர் மடியில் இருந்த அதே இங்கிலீஷ் பேப்பர் இன்ஸ்டிட்யூட்டுக்கும் வரும், குப்பி அதைத் தினமும் ஒரு வரி விடாமல் படிப்பவர். ஸ்ரீரங்கம் வரைக்கும் போய்த் தெரிந்துகொண்டு வந்ததை அடுப்படியிலேயே கேட்டிருக்கலாம். யாருக்கும் அது தோன்றவில்லை, குப்பியும் சொல்லிக்காட்டவில்லை.

தொண்ணூற்றாறு முடியப்போகும் சமயத்தில் மாப்பிள்ளையின் அண்ணன் ஒரு புது யோசனையோடு வந்தார். லண்டன் முடிவு சொல்வதற்கு முன்னால் நிக்காஹ் நடந்திருந்தால் பெண்ணும் கணக்கில் சேர்ந்துவிடுவாள், ஆகவே தம்பி அங்கேயே இருக்கட்டும், நிக்காஹை இங்கே டெலிபோனில் முடித்துவிடலாம் என்றார். துபாய் மாப்பிள்ளைகளுக்கு அப்படி ஓரிரண்டு நடந்திருக்கிறது என்று உதாரணமும் சொன்னார். அத்தா மறுபடியும் ஸ்ரீரங்கத்துக்கு ஓடினார். சேரலாம், சேராமலும் போகலாம் என்று ஆடிட்டர் சொல்லி அனுப்பினார்.

அம்மாவுக்கு இது துளியும் பிடிக்கவில்லை. அம்மா சத்தம்போட்டுப் பேசுகிற ஆள் இல்லை. அன்றைக்கு அத்தாவுக்குச் சோறு போட்டபடி, "நிக்காஹும் ஆகி, புருஷனும் வராம போயிட்டா, நாளைக்கு அவ எந்த வீட்டுல போய் நிப்பா?" என்று கேட்டார். அத்தா அடுத்த கவளத்தைப் பிசைந்தார். அவருக்கும் பயம்தான். வேண்டாம் என்று சொன்னால் மூன்று வருஷக் காத்திருப்பும் வீண், தங்கையின் வயதும் போய்விட்டது. சரி என்று சொன்னால் கண்காணாத ஒருவருக்கு, எந்த நாட்டிலும் ஒட்டாமல் நிற்கப்போகிற ஒருவருக்கு, தங்கையைக் குரலை நம்பிக் கட்டிக்கொடுக்கவேண்டும். லண்டனைப் போலவே அத்தாவும் சில நாள் பரிசீலித்தார். கடைசியில் சரி என்றுவிட்டார்.

ஹஜ்ரத் லேசில் சம்மதிக்கவில்லை. எங்கள் பள்ளிவாசல் இமாம் அவர், ஒல்லியான, பேச்சு குறைந்த மனிதர். டெலிபோனில் வருகிற குரல் யாருடையது என்று எந்தச் சாட்சி சத்தியம் செய்வான் என்று கேட்டார். கிதாபுகளைப் புரட்டி, இரண்டு மூன்று பெரியவர்களைக் கலந்து, ஒரு வழி சொன்னார். மாப்பிள்ளை தன் அண்ணனை வக்கீலாக, அதாவது தன் இடத்தில் நின்று பேசுகிறவராக, நியமித்து எழுத்தில் அனுப்பவேண்டும். நிக்காஹ் நாளில் டெலிபோனிலும் அதைச் சாட்சிகள் முன்னால் வாயால் சொல்லவேண்டும். அதன்பிறகு தம்பிக்காக அண்ணன் சபையில் கபூல் சொல்வார். ஆக, மூன்று வருஷமாகத் தம்பிக்காகப் பேசிவந்த அண்ணனே தம்பிக்காகக் கல்யாணத்துக்கும் சம்மதம் சொல்லப்போகிறார். இதைக் கேட்ட அன்று குப்பி இன்ஸ்டிட்யூட்டில் இருந்து நேரம் கழித்து வந்தார். சாப்பாடு வேண்டாம் என்று படுத்துவிட்டார்.

நிக்காஹ் எங்கள் வீட்டிலேயே நடந்தது. பந்தல் சின்னதுதான். காலையிலிருந்து தூறல், வாசலில் நெய்ச்சோற்றுச் சட்டிகளுக்குமேல் தகரம் சாய்த்து வைத்திருந்தார்கள். சாயங்கால அஸர் தொழுகை முடிந்து ஆண்கள் கூடத்தில் வந்து அமர்ந்தார்கள். கூடத்துக்கும் உள்ளறைக்கும் நடுவில் பச்சைத் திரை. திரைக்கு இந்தப் பக்கம் பெண்கள், நடுவில் குப்பி, குப்பியை ஒட்டிக்கொண்டு நான். புதுப்பாவாடை போட்டிருந்த எனக்கு அங்கே ஒரு வேலையும் இல்லை. குப்பி என் கையை விடவில்லை, அதனால் நகர முடியவில்லை. அவர் உள்ளங்கை மருதாணியும் வேர்வையுமாக ஈரமாக இருந்தது.

கூடத்தில் டெலிபோன் மணி அடித்ததும் எல்லோரும் பேச்சை நிறுத்தினார்கள். திரையின் இடுக்கு வழியாக எனக்குக் கூடம் தெரிந்தது. மாப்பிள்ளையின் அண்ணன் எடுத்தார். கடலுக்கு அந்தப் பக்கம் கேட்கவேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, காந்தி மார்க்கெட் வரைக்கும் கேட்கும்படி பேசினார். ஹஜ்ரத் வாங்கிக் கேட்டார், சாட்சிகள் ஆளுக்கொரு முறை காதில் வைத்துக் கேட்டார்கள். வக்கீல் நியமனம் முடிந்தது. லைனை வைத்துவிடவேண்டாம், தம்பியும் நிக்காஹைக் கேட்கட்டும் என்று அண்ணன் ரிசீவரை மேஜைமேல் மல்லாக்க வைத்தார். பிறகு அத்தா, இரண்டு சாட்சிகளோடு, பெண்ணின் சம்மதம் கேட்கத் திரைக்கு அருகில் வந்தார்.

இது ஒரு சடங்கு என்றுதான் நான் நினைத்திருந்தேன். பெரும்பாலும் எல்லோருமே அப்படித்தான் நினைத்திருந்தார்கள். இன்னாருடைய மகன் இன்னாருக்கு, மாப்பிள்ளை தருகிற இன்ன மஹர் தொகைக்கு உன்னை நிக்காஹ் செய்துகொடுக்கச் சம்மதமா என்று கேட்பார்கள். பெண் தலைகுனிந்து சும்மா இருப்பாள். அந்தச் சும்மா இருப்பதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். அத்தா கேட்டார். குப்பி தலைகுனிந்து சும்மா இருந்தார். அத்தா திரும்பினார்.

"அண்ணே, நில்லுங்க" என்றார் குப்பி. "நான் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசணும்."

பெண்கள் பக்கம் ஒரு பெரிய மூச்சு எழுந்தது. அம்மா குப்பியின் தோளைத் தொட்டார், தடுப்பதற்கா தாங்குவதற்கா என்று தெரியவில்லை. திரைக்கு அந்தப் பக்கம் முணுமுணுப்பு. மாப்பிள்ளையின் அண்ணன் சிரித்துச் சமாளிக்கப் பார்த்தார். நிக்காஹ் முடிந்ததும் ஆசைதீரப் பேசிக்கொள்ளட்டும், இப்போது ஏதாவது கேட்கவேண்டுமென்றால் என்னிடம் கேட்கச் சொல்லுங்கள், தம்பி சார்பில் நான் சொல்கிறேன் என்றார். அத்தா இருபக்கமும் பார்த்தபடி நடுவில் நின்றார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கே பாவமாக இருந்தது.

ஹஜ்ரத்தான் பேசினார். "கேக்குறதுக்குத்தானே போனீங்க? பொண்ணு பதில் சொல்றதுக்கு முன்னாடி ஒண்ணு கேக்குது. கேக்கட்டும். போனைக் குடுங்க."

டெலிபோனை மேஜையோடு நகர்த்தினார்கள். ஒயர் திரைவரைக்கும்தான் எட்டியது. குப்பி எழுந்து, பட்டுச்சேலை சரசரக்க, திரையடியில் போய்த் தரையில் உட்கார்ந்தார். திரைக்கு அடியில் ஒரு கை ரிசீவரை நீட்டியது. குப்பி ஒரு கையால் அதை வாங்கினார், மறுகையில் இன்னும் என்னைப் பிடித்திருந்தார். அதனால் என் தலையும் ரிசீவரை ஒட்டி நின்றது. அந்தக் காலத்து வெளிநாட்டு லைனில், சொன்ன சொல் போய்ச் சேர்ந்து பதில் திரும்பி வர ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியில் நம் குரலே நமக்குத் திரும்பக் கேட்கும்.

குப்பி சலாம் சொன்னார். குப்பியின் சலாமே திரும்பி வந்தது. அதன்பிறகு அவருடைய சலாம் வந்தது. நான் எதிர்பார்த்ததைவிட மெல்லிய குரல்.

"மூணு வருஷமா உங்களால வர முடியலையா, இல்ல வர இஷ்டமில்லையா?" என்று கேட்டார் குப்பி.

கேள்வி திரும்பி வந்து எங்கள் காதில் மோதியது. பதில் வரவில்லை. அது லைனின் மௌனமா அவருடைய மௌனமா என்று தெரியவில்லை. குப்பி காத்திருந்தார். எனக்குக் கை வலித்தது.

"தெரியலைங்க" என்றது குரல்.

மறுபடியும் இடைவெளி. பிறகு அவர் பேச ஆரம்பித்தார். திரைக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள் குப்பி பேசியதை மட்டும்தான் கேட்டார்கள், அவர் பேசியதைக் கேட்டது குப்பியும் நானும்தான்.

"முடியலைன்னுதான் எல்லார்கிட்டயும் சொல்றேன். அதுவும் நெசந்தான். ஆனா உங்களக் கூட்டிட்டு வந்து வச்சுக்கிட்டு, நாளைக்கு நீ எந்த நாட்டுக்காரன்னு ஒருத்தன் கேட்டா நான் என்ன சொல்றது? அத நெனச்சா பயமா இருக்கு. அண்ணன்கிட்ட இதெல்லாம் சொல்ல முடியாது. வெள்ளைக்காரன் என்ன செய்வான்னும் எனக்குத் தெரியல. நீங்க வேணாம்னு சொன்னாலும் நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

குப்பி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். திரையின் அந்தப் பக்கத்தில் யாரோ செருமினார்கள். வாசலில் தகரத்தின்மேல் தூறல் விழுகிற சத்தம் கேட்டது. குப்பி வேண்டாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் எனக்குத் தோன்றியது. சொல்லிவிட்டால் பரவாயில்லை என்றும் தோன்றியது, ஏனென்றால் என் முகம் அவமானத்தால் சூடேறிப்போயிருந்தது.

"எனக்கும் பயமாத்தான் இருக்கு" என்றார் குப்பி.

கொஞ்சம் பொறுத்து, "சாப்டீங்களா?" என்று கேட்டார்.

இடைவெளி. "இன்னும் இல்ல."

"போயி சாப்பிடுங்க. நான் இங்க சொல்லிக்கிறேன்."

ரிசீவரைத் திரைக்கு அடியில் திருப்பிக் கொடுத்தார். என் கையை விட்டார். முட்டாக்கைச் சரிசெய்துகொண்டு, அத்தா மறுபடியும் கேட்பதற்குக்கூடக் காத்திராமல், "சம்மதம் அண்ணே. எழுதிக்கச் சொல்லுங்க" என்றார். இன்ஸ்டிட்யூட்டில் கடைசி வரிசைப் பையனுக்குக் கேட்கிற மாதிரி சொன்னார். எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணப்பெண்ணும் அதற்குமுன் அவ்வளவு சத்தமாகச் சம்மதம் சொன்னதில்லை. அத்தா திரைக்கு அந்தப் பக்கம் அழுதுவிட்டார் என்று அப்புறம் சொன்னார்கள்.

அண்ணன் தம்பிக்காகக் கபூல் சொன்னார். துஆ ஓதினார்கள். பேரீச்சம்பழமும் கல்கண்டும் கைக்குக் கை போயின. அன்று ராத்திரி குப்பி நன்றாகச் சாப்பிட்டார், நன்றாகச் சிரித்தார், தால்சாவை இரண்டாம் தடவை கேட்டு வாங்கிக்கொண்டார். மூன்று வருஷமாக அவர் முகத்தில் இருந்த ஏதோ ஒன்று இறங்கிவிட்டிருந்தது. அம்மா அவரை வைத்த கண் வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார், என்ன பேசினாய் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

பிறகு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். கடைசி நேரத்தில் லண்டன் மனமிரங்கியது. மாப்பிள்ளையைப் போன்றவர்களையும் தன் குடிமக்களாகச் சேர்த்துக்கொள்வதாக அறிவித்தது. மலைக்கோட்டைச் சந்தில் தங்கள் யோசனைப்படிதான் நடந்தது என்று எல்லோரும் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டார்கள். ஆனால் குப்பி அந்தக் கணக்கில் சேரவில்லை, அவருக்கு வேறொரு வரிசையில் நின்று விசா வாங்கவேண்டியிருந்தது. ஹாங்காங்கில் ஒரு கொடி இறங்கி இன்னொரு கொடி ஏறிய பிறகு, அந்த வருஷம் ஆடிக்காற்று அடிக்கிற நாட்களில், மாப்பிள்ளை வந்து சேர்ந்தார். நான் கற்பனை செய்திருந்ததைவிடக் குள்ளம். எப்போதும் எதையோ மறந்துவிட்ட மாதிரி சட்டைப் பையைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். இருவரும் இப்போது இங்கிலாந்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறார்கள். சண்டை போடாத தம்பதி என்று சொல்லமாட்டேன். ஆனால் போனில் பேசும்போதெல்லாம் குப்பியின் குரலுக்குப் பின்னால் அவர் ஏதாவது கேட்டுக்கொண்டேயிருப்பார், குப்பியும் எங்களை விட்டுவிட்டு அவருக்குப் பதில் சொல்லப் போய்விடுவார்.

இதெல்லாம் பின்னால் நடந்தது. நிக்காஹ் அன்று எனக்கு எல்லாமே தலைகீழாகத்தான் தெரிந்தது. இத்தனை நாளும் மாப்பிள்ளையின் அண்ணன் வந்து எவ்வளவு தைரியமான செய்திகள் சொன்னார். அப்போதெல்லாம் குப்பி வாய் திறக்கவில்லை. இன்றைக்கு மாப்பிள்ளையே பேசி, எதைக் கேட்டாலும் தெரியவில்லை என்கிறார், பயமாக இருக்கிறது என்கிறார், அதற்குப்போய்க் குப்பி சரி என்றுவிட்டாரே. சபை கலைந்து, பெண்கள் குப்பியின் நகைகளை ஒவ்வொன்றாகக் கழற்றிக்கொண்டிருந்தபோது, பக்கத்தில் போய் மெதுவாகக் கேட்டேன்.

"அவங்க பயப்படுறாங்களே குப்பி."

"ஆமா" என்றார் குப்பி, ஏதோ நல்ல செய்தியைச் சொல்கிற மாதிரி.

"உங்களுக்கு வெக்கமா இல்லையா?"

குப்பி என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு சிரித்தார். அவ்வளவு நேரம் சிரித்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. யாரிடமும் சொல்லாதே என்று அவர் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை. அது தானாகவே என் பொறுப்பு என்று நான் எடுத்துக்கொண்டேன். இப்படிப்பட்ட ஒருவரைக் கட்டிக்கொண்ட விஷயம் வெளியே தெரிந்தால் குப்பி தெருவில் எப்படித் தலைநிமிர்ந்து நடப்பார்?

திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் பெண்கள் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். டெலிபோனில் கல்யாணம் நடந்ததாமே, மாப்பிள்ளை பேசினாரா, என்ன சொன்னார் என்று கேட்டார்கள். எல்லாம் தெரிந்தவர்போல் பேசினார், எதற்கும் பயமே இல்லாதவர், அதனால்தான் எங்கள் குப்பி உடனே சம்மதம் சொன்னார் என்று சொன்னேன். குப்பியின் மானத்தைக் காப்பாற்றிவிட்ட நிம்மதியில் அன்று மத்தியானச் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.